சிற்றுருவ மரத்துக்கு எந்தப் பூச்சு? வன்னி வெயிலில் ஐந்து வழிகளின் ஒப்பீடு

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். முப்பரிமாண அச்சில் எடுத்த பன்னிரண்டு சிற்றுருவ மாட்டு வண்டிகள் மேசையில் வரிசையாக நிற்கின்றன. சில்லு, நுகம், தட்டு எல்லாவற்றுக்கும் ஒரே சொக்லேட் நிறம். “அண்ணா, கவனமாகத்தான் பூசினேன். ஆனாலும் மரமாகத் தெரியவில்லை. எண்ணெய் வண்ணம் வாங்கட்டுமா, ஒரே பூச்சில் முடிகிற அந்த விலைகூடிய போத்தலை வாங்கட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

அதே கிழமை மல்லாவியில் படிப்பிக்கும் ஓர் அக்கா எழுதினார். பாடசாலைக் கண்காட்சிக்கு மாணவர்களோடு சேர்ந்து வயற்காவல் பரணின் சிற்றுருவம் ஒன்று செய்யப்போகிறாராம். கையில் உள்ள பணம் மிகக் கொஞ்சம். வவுனியா நண்பர் ஒருவரோ வேறு திசையில் நிற்கிறார். ஒல்லாந்தர் கட்டி, பின்னர் ஆங்கிலேயர் கையில் இருந்த முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் தாக்கிப் பிடித்த நிகழ்வை அவர் 28 மில்லிமீற்றர் உயர உருவங்களால் அமைக்கிறார். கோட்டை வாயிற்கதவு ஒன்றையும் பீரங்கி வண்டி ஒன்றையும் எவ்வளவு காலம் எடுத்தாலும் பரவாயில்லை, அருகில் வைத்துப் பார்க்கும்படி தீட்ட வேண்டும் என்கிறார்.

மூவரும் கேட்டது எந்த வண்ணம் என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த மரம், அது எத்தனை மழை வெயில் கண்ட மரம்? அதைத் தீர்த்துவிட்டால் ஐந்து வழிகளில் இரண்டு மூன்று தாமாகவே விலகிவிடும்.

## எந்த மரம், எந்த வயது

எங்கள் வீட்டுப் படலைத் தூண் பாலைக் கட்டை. ஒரு காலை வேளையில் நிறங்களைக் கலக்க உட்காருமுன் அதன் எதிரில் போய் நின்று பார்த்தேன். உச்சி சாம்பல் நிறம். வெள்ளி பூசியதுபோல் வெளிறி, வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடுகின்றன. படலையைத் திறக்கும்போது எல்லோருடைய கையும் படுகிற இடம் கரும்பழுப்பாக மினுங்குகிறது. ஆணி அறைந்த இடத்துக்குக் கீழே துரு ஒரு மெல்லிய கோடாக வழிந்திருக்கிறது. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை ஈரக் கறுப்பு, அதில் பச்சைப் பாசி, அதன்மேல் மழை தெறித்த செம்மண். ஒரே தூணில் இத்தனை நிறம். தம்பி பூசிய சொக்லேட் நிறம் மட்டும் எங்கும் இல்லை. கத்தியால் ஒரு சிறாய் எடுத்த பிறகுதான் உள்ளே செம்பழுப்பு தெரிந்தது.

வெயிலில் மரம் ஏன் சாம்பலாகிறது என்பதை அறிந்துகொண்டால் நிறம் கலப்பது எளிதாகும். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புறஊதாக் கதிர் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். ஆகவே மேலே மழையும் வெயிலும் சேர்ந்து படுகிற முகம் வெளிறும். தாழ்வாரத்துக்குள் இருக்கும் முகம் பழுப்பாகவே கிடக்கும். வண்டியின் தட்டுக்கு மேற்புறமும் அடிப்புறமும் ஒரே நிறத்தில் இருக்க முடியாது.

நான் மரத்தை மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொள்கிறேன். மரக்காலையிலிருந்து நேற்று வந்த புதுவெட்டு. வெயிலும் மழையும் கண்டு சாம்பலான மரம். கைபட்டு, எண்ணெய் பட்டு, மாட்டின் கழுத்து உராய்ந்து மெருகேறிய மரம். புதுவெட்டில்தான் இன வேறுபாடு நன்றாகத் தெரியும். முதிரை மஞ்சளாகப் பட்டுப்போல் மினுங்கும், பாலை செம்பழுப்பு, கருங்காலியின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி கறுப்பு. சாம்பலான பிறகு இவை பெரும்பாலும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

பனைக்குத் தனிக் கவனம் வேண்டும். பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு ஆண்டு வளையமும் இல்லை, கிளை முளைத்த கணுவும் இல்லை. பனஞ்சிலாகையைப் பிளந்து பார்த்தால் வெளிறிய சதையில் கரிய ஊசிகளைப் பதித்ததுபோல் நார்கள் நெடுக ஓடும். வெளிப்புறத்தில் அடர்த்தியாக, உட்புறம் போகப் போக ஐதாக. கொட்டில் கூரையின் பனஞ்சிலாகையில் வளைந்து நெளியும் ரேகையும் வட்டக் கணுவும் வரைந்திருந்தால், அதை வரைந்தவர் பனையைக் கிட்ட நின்று பார்த்ததில்லை என்று எங்கள் பக்கத்துக் குழந்தையும் சொல்லும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வளவில் ஒரு கதவுநிலைகூட மிஞ்சியிருக்கவில்லை. அப்பப்பாவின் வண்டியும் இல்லை. அதன் நுகத்தடியில் மாடுகளின் கழுத்துப் பட்ட இரண்டு இடங்களும் எப்படி மினுங்கின என்பது என் கண்ணில் இருக்கிறது. அந்த மினுக்கத்தை அரை அங்குல நீள நுகத்தில் கொண்டுவர முடிந்தால் அந்த வண்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

முதலாவது மேற்பரப்பு. உருவத்தில் ரேகை செதுக்கி வார்த்திருக்கிறார்களா, வழவழப்பாக விட்டிருக்கிறார்களா என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். இரண்டாவது எண்ணிக்கை: ஒன்றா, நாற்பதா. மூன்றாவது மேலே சொன்ன மூன்று நிலைகளில் எது வேண்டும் என்பது. நான்காவது எத்தனை கை படும் என்பது. விளையாட்டு மேசையில் தூக்கி வைக்கும் உருவத்துக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கும் வேறு வேறு உறுதி தேவை.

ஐந்தாவது எங்கள் காலநிலை. இதைப் பற்றி நான் பார்த்த வெளிநாட்டுக் காணொளிகள் எதுவும் பேசுவதில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. ஸ்ப்ரேயில் அடிக்கும் அடிப்பூச்சு உருவத்தைத் தொடுமுன் காற்றிலேயே உலர்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக ஒட்டுகிறது. மாரி மழையில் நிலைமை தலைகீழ்: காற்றின் ஈரம் வார்னிஷில் வெண்புகையாகப் படிகிறது. நான் சோளக நாட்களில் விடியற்காலையிலும், மாரியில் மழை விட்ட நாளின் நண்பகலிலும் மட்டுமே ஸ்ப்ரே அடிக்கிறேன். முடிந்தபோது தூரிகையால் பூசும் அடிப்பூச்சையே எடுக்கிறேன். ஸ்ப்ரே டப்பா அழுத்த வாயு நிரம்பியது; விமானத் தபாலில் அது வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆறாவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு. தூரிகை தேய்வது, கூரியர், சுங்கம், காத்திருக்கும் நாட்கள், பழுதாகி மறுபடி பூசுவது எல்லாம் இதில் அடங்கும்.

அளவு பற்றியும் ஒரு சொல். 28 மில்லிமீற்றர் உருவங்களை ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு என்று கொள்ளலாம். கால் மில்லிமீற்றர் தடிப்பில் நீங்கள் இழுக்கும் கோடு, உண்மை அளவில் 14 மில்லிமீற்றர். அந்த அகலத்தில் ரேகை எந்தப் பலகையிலும் இல்லை. நாம் தீட்டும் கோடு ரேகை ஓடும் திசையை மட்டும் கண்ணுக்குச் சொல்கிறது. இந்த அளவில் கண் உண்மையில் பிடித்துக்கொள்வது பலகைக்குப் பலகை மாறும் நிறத்தையும், இடைவெளியின் இருட்டையும், வெட்டுமுனை வெடிப்பையும்தான்.

## 1. வாஷும் உலர்தூரிகையும்

ரேகை செதுக்கிய உருவங்களுக்கு இதுவே நேர்வழி. சாம்பல் கலந்த பழுப்பை அடிநிறமாகப் பூசி, நீர்த்த கரும்பழுப்பு வாஷைப் பள்ளங்களில் இறங்கவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் வெளிறிய நிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் அநேகமாக முழுவதையும் துடைத்துவிட்டு, மிஞ்சியதை மேடுகளில் மெல்லத் தேய்ப்பது.

தேய்க்கும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள். செதுக்கிய ரேகை இருந்தால் அதற்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் மேடுகள் வண்ணத்தைப் பிடிக்கும், பள்ளம் இருட்டாகவே இருக்கும். ரேகையோடு சேர்த்துத் தேய்த்தால் வண்ணம் பள்ளத்துக்குள்ளும் இறங்கி வாஷ் செய்த வேலையை அழித்துவிடும். வழவழப்பான பலகையில் மட்டும் நெடுக்காகத் தேய்க்கலாம். அங்கே தூரிகை மயிரே கோடு விடும்.

முப்பரிமாண அச்சு எடுப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சின் படலக் கோடுகளும் மேடுபள்ளம்தான். உலர்தூரிகைக்கு இரண்டும் ஒன்றே. பலகை நெடுக ஓட, வெளிச்சக் கோடுகள் அதைக் குறுக்கே வெட்டி ஓடினால் கண் உடனே பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்துவிடும். தம்பியின் வண்டிகளில் முதற்குறை அதுவே, நிறம் இரண்டாவது. அடிப்பூச்சுக்கு முன் நுண்மையான அரத்தாளை ரேகைத் திசையில் நான்கு முறை இழுத்தால் படலக் கோடு மறையும், இழுத்த கீறல் ரேகையாக உதவும்.

செலவு குறைவு. பட்டணத்துப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் மாணவர் அக்ரிலிக் குழாய்களில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), வெள்ளை, கறுப்பு ஆகிய நான்கும் போதும். வாஷை வீட்டிலேயே கலக்கலாம்: பர்ன்ட் அம்பரும் சிறிது கறுப்பும், பால்தேநீரைவிட நீர்த்த பதம், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊசிமுனையளவு. அந்தத் துளி நீரின் இழுவிசையைத் தளர்த்தும். வாஷ் உருண்டு நிற்காமல் பள்ளத்தில் ஓடும்.

மறைந்திருக்கும் செலவு தூரிகை. உலர்தூரிகை வேலை நல்ல தூரிகையை ஒரு மாதத்தில் விளக்குமாறாக்கிவிடும். அழகுசாதனக் கடையின் மலிவான வட்டத் தூரிகையை இதற்கென்று ஒதுக்குங்கள். அடுத்தது எங்கள் வெயில்: வாஷின் ஓரம் முதலில் காய்ந்து நீர்க்கறை வளையம் விழும். பலகைக்கு முதலில் வெறும் தண்ணீர் தொட்டு, பிறகு வாஷ் வையுங்கள்; மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

சாம்பலான மரத்துக்கு இந்த முறை மிகப் பொருந்தும். மெருகேறிய மரத்துக்குப் பொருந்தாது. உலர்தூரிகை விடும் சுண்ணத்தன்மை மினுக்கத்தின் எதிரி.

## 2. கையால் ரேகை இழுத்தல்

வழவழப்பான பரப்பு, குறைந்த எண்ணிக்கை, புதுவெட்டு அல்லது பனை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் சற்று வேறான அடிநிறம் கொடுக்க வேண்டும்: ஒன்றில் ஓக்கர் கூட்டி, ஒன்றில் சாம்பல் கூட்டி. பிறகு நீண்ட மயிர்த் தூரிகையால் இருண்ட கோடுகள். அவை ஒன்றையொன்று தொடாமல், ஒரே இடைவெளியில் இல்லாமல், சில இடங்களில் அறுந்து. கணு வரைவதானால் ஒரு பலகையில் ஒன்று போதும். கோடுகள் கணுவை நீரோட்டம் கல்லைச் சுற்றுவதுபோல் சுற்றி விலகிச் சேர வேண்டும். இருண்ட கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிறிய இழையொன்று வைத்தால் பலகைக்கு ஆழம் வந்துவிடும். பனைக்கு வளைவு எதுவும் வேண்டாம்: நேராக, குட்டையாக, கறுப்பாகப் பல கீற்றுகள், வெட்டுமுகத்தில் புள்ளிகள், ஓரத்தில் நெருக்கமாக.

இங்கே பணச்செலவு அநேகமாக இல்லை, நேரம்தான் செலவு. இரண்டு விரல் அகலக் கதவு ஒன்றுக்கு எனக்கு இரண்டு மாலைகள் போகின்றன. கண் களைத்தபின் இழுக்கும் கோடு எல்லாம் ஒரே தடிப்பில் வரும். அப்போது நிறுத்திவிடுவது நல்லது. வண்ணம் நுனியில் காயாமல் இருக்க ஈரத்தட்டு அவசியம்: மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நனைத்த பஞ்சுத் தகடு, மேலே பேக்கிங் கடதாசி. இந்த வெக்கையில் மூன்று நாளில் தண்ணீர் நாறத் தொடங்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாற்பது வேலிக்கட்டைகளுக்கு இந்த வழியை எடுக்காதீர்கள். பத்தாவதில் கை சோரும், பதினொன்றாவது மரமாக இராது.

## 3. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம்

மெருகேறிய மரம் என்றால் என் மனம் இங்கேதான் போகிறது. வெளிறிய மஞ்சள் பழுப்பு அக்ரிலிக்கை அடியில் பூசி, மினுங்கும் வார்னிஷால் மூடி, ஒரு நாள் விட்டு, பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். அரைமணி நேரம் பொறுத்து, காய்ந்த தட்டைத் தூரிகையால் ரேகைத் திசையில் ஒரே இழுப்பாக இழுத்தால் தூரிகை மயிர் வண்ணத்தை வழித்துக்கொண்டு போகும்; அடிநிறம் நூல் நூலாக வெளிப்படும். பிடிக்கவில்லையென்றால் வைட் ஸ்பிரிட் என்ற கரைப்பான் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இந்தத் திருத்தும் வாய்ப்பை அக்ரிலிக் தராது. நுகத்தின் கழுத்துப் பட்ட இடத்தை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் நிறம் கரையின்றி மங்கிக் கலக்கும். அப்பப்பாவின் நுகம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

ஒரு சிறு குழாய் எண்ணெய் வண்ணம் சிற்றுருவங்களுக்கு ஆண்டுக்கணக்கில் வரும். அதனால் விலை கூடியதாகத் தோன்றினாலும் உருப்படிக்குக் கணக்குப் பார்த்தால் மலிவு. ஆனால் மற்றச் செலவுகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காயும் நாட்கள் முதலாவது. அம்பரில் உள்ள மங்கனீசு எண்ணெய் காய்வதை விரைவுபடுத்தும். மெல்லிய படலம் ஓரிரு நாளில் தொடக்கூடியதாகும். டைட்டேனியம் வெள்ளையும் ஐவரி பிளாக்கும் அப்படியல்ல, பல நாள் எடுக்கும். ஆகவே சாம்பல் மரத்துக்கு வெள்ளையும் கறுப்பும் கலந்து எண்ணெயில் போக வேண்டாம். சாம்பலை அக்ரிலிக்கில் முடித்துவிட்டு எண்ணெயில் அம்பரை மட்டும் எடுங்கள். வண்ணத்தை முதலில் காட்போட் துண்டில் அரைமணி வைத்தால் அதிகப்படி எண்ணெயைக் காட்போட் உறிஞ்சிக்கொள்ளும். விரைவாகவும் மங்கலாகவும் காயும்.

தூசு இரண்டாவது. கிரவல் வீதியோர வீடு என்றால் அந்த ஓரிரு நாளில் ஒரு மோட்டார் சைக்கிள் போனாலே போதும், ஈர வண்ணத்தில் செந்தூசு ஒட்டிவிடும். மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துக் காயவிடுங்கள்.

மூன்றாவது கரைப்பான். இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வைட் ஸ்பிரிட் முடிந்துபோன ஒரு மாலை, ஹார்ட்வெயார் கடை ஒன்றில் தின்னர் என்று கேட்டு வாங்கிவந்தேன். கொடுத்தது லாக்கர் தின்னர். போத்தலில் பெயர்ச்சீட்டு இல்லை. தூரிகை பட்டதும் அடிவண்ணம் சேறாகக் கிளம்பியது, அதன் கீழே பிளாஸ்டிக் சில்லின் ஆரைகள் இளகி வட்டையோடு ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து எந்தக் கரைப்பானையும் முதலில் உடைந்த துண்டொன்றில் தொட்டுப் பார்க்கிறேன்.

நான்காவது இதைவிடப் பெரிது. எண்ணெய் வண்ணத்தில் உள்ள லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி எறிந்தால் அது உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். எங்கள் வெக்கையில், கிடுகுக் கொட்டிலின் ஓரத்தில் அப்படி ஒரு துணி கிடக்கவே கூடாது. விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகரத்தில் போட்டு மூடுங்கள். கரைப்பான் மணத்துக்காக யன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதால் சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் இது வேண்டாம்.

## 4. ஒற்றைப் பூச்சு வண்ணம்

சிற்றுருவ விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வேர்க்‌ஷொப் 2019இல் கொன்ட்ராஸ்ட் என்ற பெயரில் வெளியிட்ட பிறகு பரவலான வகை இது. வெளிறிய அடிப்பூச்சின் மேல் ஒருமுறை பூசினால் பள்ளத்தில் தடித்து இருண்டும் மேட்டில் மெலிந்து வெளுத்தும் நிற்கும். ரேகை செதுக்கிய வண்டி ஒன்று பத்து நிமிடத்தில் முடிகிறது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் இதை மறுக்க முடியாது.

குறைகள் மூன்று. வழவழப்பான பலகையில் திட்டுத் திட்டாகத் தேங்கும். இருக்கும் பழுப்புகளில் பெரும்பாலானவை சூடான செம்பழுப்பு. எங்கள் வெயில்பட்ட சாம்பல் அப்படியே கிடைக்காது, மேலே வெளிறிய உலர்தூரிகை ஒன்று போட வேண்டியிருக்கும். மூன்றாவது, இந்த வகை வண்ணங்களில் சில காய்ந்த பிறகும் நீர்ப்பட்டால் மீண்டும் இளகும். மேலே வேறு நிறம் பூசுமுன் மங்கல் வார்னிஷ் ஒரு படலம் தேவை. 18 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றுக்குக் கொழும்பு வழியாக வரும் கூரியர், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் பொருளின் விலையை விஞ்சிவிடும். தனியாக ஒன்று வரவழைக்காதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வரவழைத்தால்தான் கட்டுப்படியாகும்.

## 5. மரத்தையே வைப்பது

வண்ணத்தால் மரத்தைப் போலச் செய்வதைவிட மரத்தையே வைத்தால் என்ன? கட்டடம், வேலி, பரண், வள்ளம் போன்றவற்றுக்கு இது முழுமையான விடை. ஐஸ்பழக் குச்சி, தீக்குச்சி, தென்னை ஈர்க்கு எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. இரும்புத் தூரிகையால் குச்சியை நெடுக உரசினால் மென்பகுதி உதிர்ந்து ரேகை எழும். ஓரங்களைக் கத்தியால் சிதைத்துவிடுங்கள். இயந்திரம் வெட்டிய வட்ட முனை கொஞ்சமும் மிஞ்சக் கூடாது.

நிறத்துக்கு வண்ணமே தேவையில்லை. கடுஞ்சாயத் தேநீரில் குச்சிகளை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காயவிடுங்கள். வினாகிரியில் இரும்புக் கம்பளித் துண்டைப் போட்டு இரண்டு நாள் வையுங்கள். வாயு வெளிவரும், மூடியை இறுக்காதீர்கள். அந்த நீரைத் தேநீர் ஏறிய குச்சியில் தடவினால், தேயிலையின் துவர்ப்பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து சில நிமிடத்தில் குச்சி கண்முன்னே சாம்பலாகிக் கறுக்கும். தேநீர் கூடிய இடம் கருமை, குறைந்த இடம் வெளிர்சாம்பல். மாணவர்கள் முன்னால் இதைச் செய்து காட்ட வேண்டும். முகங்களைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதால், சாயமேற்றிய பிறகே ஒட்டுங்கள்.

இங்கேயும் செலவுகள் மறைந்திருக்கின்றன. மாரியில் மெல்லிய மரம் ஊதி வளையும். கறையானுக்கும் உளு வண்டுக்கும் அது விருந்து; மங்கல் வார்னிஷ் எல்லா முகத்திலும், அடிப்புறத்திலும் வேண்டும். அதைவிட, வளைந்த பகுதிகளுக்கு மரம் உதவாது. சில்லின் வட்டை, உருவத்தின் கையிலுள்ள தடி, பீரங்கி வண்டி ஆகியவற்றுக்கு முதல் நான்கில் ஒன்றுக்குத்தான் திரும்ப வேண்டும். மர வேலிக்கு அருகில் வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் வண்டி நின்றால் இரண்டும் ஒட்டாது. அந்த வண்டியின் சாம்பலை வேலியைப் பார்த்துக் கலக்க வேண்டும்.

## பக்கம் பக்கமாக

| வழி | ஏற்ற பரப்பு | நன்றாக வரும் மரம் | ஒன்றுக்கு நேரம் (என் கையில்) | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| வாஷ், உலர்தூரிகை | செதுக்கிய ரேகை | சாம்பலானது | 30–40 நிமிடம் | நீர்க்கறை வளையம், அச்சுப் படலக் கோடு |
| கைரேகை | வழவழப்பு | புதுவெட்டு, பனை | பல மணி | கை சோர்வு |
| எண்ணெய் வண்ணம் | இரண்டும் | மெருகேறியது | வேலை ஒரு மணி, காய 2 நாள் | தூசு, கரைப்பான், துணித் தீ |
| ஒற்றைப் பூச்சு | செதுக்கிய ரேகை | புதுவெட்டுப் பழுப்பு | 10 நிமிடம் | கூரியர் செலவு, சாம்பல் இல்லாமை |
| உண்மை மரம் | தட்டையான கட்டுமானம் | சாம்பலானது | கட்டும் நேரமே | ஈரம், கறையான் |

## கேட்ட மூவருக்கும்

புதுக்குடியிருப்புத் தம்பி புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சொக்லேட் நிறம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இருட்டு அடியாகவே விட்டுவிடுங்கள். படலக் கோடு தெரியும் இடங்களை அரத்தாளால் இழுத்து, அங்கே மட்டும் மறுபடி பூசி, தட்டின் மேற்புறத்திலும் வட்டையிலும் சாம்பலை உலர்தூரிகையால் போடுங்கள். அடிப்புறத்தைத் தொடாதீர்கள். வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டாவைப் பழுப்பில் விட்டிருக்கிறீர்கள். அது கறுஞ்சாம்பலாக, தரை தொடும் ஓரம் தேய்ந்து மினுங்க வேண்டும். பன்னிரண்டையும் இப்படி முடித்தபின், மேசையில் முன்னால் நிற்கும் ஒரு வண்டியின் நுகத்துக்கு மட்டும் எண்ணெய் வண்ணம் முயன்று பாருங்கள். ஒற்றைப் பூச்சுப் போத்தல் அடுத்த தொகுதிக்கு, நண்பர்கள் சேர்ந்து வரவழைக்கும்போது.

வவுனியா நண்பருக்கு இரண்டு விடைகள். கதவு வழவழப்பான பலகை, ஒன்றே ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. ஆகவே கையால் ரேகை இழுத்து, தாழ்ப்பாளைச் சுற்றியும் கைபடும் உயரத்திலும் எண்ணெய் அம்பர். பீரங்கி வண்டிக்கு மரநிறம் தேடவே வேண்டாம். அக்காலப் பிரித்தானியப் பீரங்கிப் படை வண்டிகளின் மரப்பகுதிக்குச் சாம்பல் வண்ணமும் இரும்புக்குக் கறுப்பும் பூசியது. நீங்கள் தீட்ட வேண்டியது வண்ணம் பூசிய மரம்: தட்டையான சாம்பல், விளிம்புகளிலும் சில்லு ஆரைகளின் அடியிலும் பெயர்ந்த சிறு சிறு திட்டுகள், திட்டுக்குள் மட்டும் பழுப்பு. கடற்கரைக் கோட்டை என்பதால் ஆணித் தலைகளின் கீழே துருக் கோடுகளைத் தயங்காமல் போடலாம்.

மல்லாவி அக்காவுக்கு ஐந்தாவது வழியைத் தவிர வேறு எதையும் சொல்ல மனம் வரவில்லை. கடையில் வாங்க வேண்டியது வினாகிரியும் இரும்புக் கம்பளியும் பசையும் மங்கல் வார்னிஷும் மட்டுமே. வேலை தொடங்கும் நாளுக்கு முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தன் வீட்டு வேலியிலிருந்து ஒரு பழைய மரத்துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள்; அவற்றை மேசையில் வைத்து எது வெயில் பட்ட பக்கம், எது நிழல்ப் பக்கம் என்று அவர்களே பிரிக்கட்டும். பரணின் ஏணிப்படிகளுக்கு ஈர்க்கு நன்றாக இருக்கும். ஏறும் கால் படும் நடுப்பகுதியை மட்டும் நகத்தால் தேய்த்து மினுங்க விடுங்கள். பரணின் நான்கு கால்களிலும் மண் தொடும் இடத்தில் மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு இரும்பு நீரை இரண்டாம் முறை தடவுங்கள். அது காய்ந்ததும் வயலோர மண்ணைக் காயவைத்து மாவாக இடித்து, துணியில் சலித்து, நீர்த்த வெள்ளைப் பசை பூசிய கால்களின் அடியில் விரலால் தட்டிவிடுங்கள்.